நடுவில் நூற்றுக்கு நூறு

சாவியை நான் கொடுக்கப் போவதில்லை. உயிரோடு இருக்கும்வரை கொடுக்க மாட்டேன். போன பிறகு எடுத்துக்கொள்ளட்டும். சட்டைப் பையில்தான் இருக்கும்.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் மூன்றரை மணிக்கு இந்த முடிவை எடுத்தேன். எடுத்த இடம் எங்கள் கார். கார் நடுரோட்டில் கோணலாக நின்றது. வெளியே மழை. பக்கத்து இருக்கையில் என் மனைவி. அவள் கை ஹேண்ட் பிரேக் மேல் இருந்தது. என் கார். என் பிரேக். அவள் கை.

"இப்ப குறுக்க போனவங்களப் பாத்தீங்களா?" என்றாள்.

"பாத்தேன்."

"பாத்துமா நிறுத்தல?"

"நிறுத்தத்தான் போனேன். அதுக்குள்ள நீ இழுத்துட்ட."

"சரி. கையில என்ன வெச்சிருந்தாங்க?"

"குடை."

"என்ன கலரு?"

"கறுப்பு."

"ஆம்பளையா, பொம்பளையா?"

யோசித்தேன். மழையில் குடையோடு, மெதுவாக... "பொம்பளை."

"தாடி வெச்ச ஆளுங்க அது. தோள்ல ஏணி தூக்கிட்டுப் போனாரு. குடையும் இல்ல, ஒண்ணும் இல்ல."

திரும்பிப் பார்த்தேன். எதிர்ப் பக்க நடைபாதையில் ஒரு தாடிக்காரன் நனைந்துகொண்டு நின்றான். தோளில் ஏணி. சின்ன ஏணியும் இல்லை. இரண்டு மாடி ஏறலாம். அவன் என்னைப் பார்த்து ஏதோ சொன்னான். கண்ணாடி மூடியிருந்ததால் என் அம்மாவைப் பற்றியா அப்பாவைப் பற்றியா என்று தெரியவில்லை.

என் மனைவி முப்பத்தொரு வருஷம் மூன்றாம் வகுப்பு டீச்சர். கரும்பலகையில் எழுதிக்கொண்டே கடைசி பெஞ்சில் எவன் எவனைக் கிள்ளுகிறான் என்று சொல்வாள். கேள்வி கேட்டால் கேள்விக்குள் ஒரு குழி இருக்கும். நாற்பத்து நாலு வருஷமாக விழுகிறேன். எங்கே குழி என்று இன்னும் பிடிபடவில்லை.

"போதும்ங்க. இனிமே ஓட்ட வேணாம்" என்றாள்.

"என் கண்ணுக்கு என்ன கேடு?"

கேட்க உரிமை உள்ளவன் நான். கண்தான் என் தொழில்.

குளிர்பானத் தொழிற்சாலையில் முப்பத்தாறு வருஷம். கழுவிய காலி பாட்டில்கள் வரிசையாக நகர்ந்து வரும். பின்னால் வெள்ளை விளக்குப் பலகை. முன்னால் ஸ்டூல். ஸ்டூலில் நான். விரிசல், அழுக்கு, உள்ளே செத்த பூச்சி, எதுவானாலும் அந்தப் பாட்டிலை எடுத்துவிட வேண்டும். நிமிஷத்துக்கு நூற்றிருபது பாட்டில். கண் சிமிட்டினால் இரண்டு பாட்டில் போய்விடும். ஆகவே நான் சிமிட்டுவதில்லை. என் கல்யாணப் போட்டோவில்கூட முறைத்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

அந்த வேலைக்கு ஒரு விதி உண்டு. இருபது நிமிஷத்துக்கு மேல் ஒருவன் பார்க்கக் கூடாது. அதற்கு மேல் கண் திறந்திருக்கும், மூளை கடையைச் சாத்திவிடும். அதனால் ஒரு ஸ்டூலுக்கு இரண்டு ஆள், மாற்றி மாற்றி. என் ஜோடிக்கு இருபது என்றே பட்டப்பெயர். சரியாக இருபதாவது நிமிஷம் என்னை எழுப்பிவிட்டு உட்காருவான். ஒரு நிமிஷம் முன்னேயும் இல்லை, பின்னேயும் இல்லை.

எங்கள் ஷிஃப்டில் பதினாலு பேர். பன்னிரண்டு பேர் போய்ச் சேர்ந்தார்கள். மிச்சம் நானும் இருபதும். அவனுக்கு இரண்டு வருஷம் முன்னால் பக்கவாதம். வலது பக்கம் வேலை செய்வதில்லை. பெண்டாட்டி இல்லை, பிள்ளை இல்லை. ஊருக்கு வெளியே ஒரு முதியோர் இல்லத்தில் கிடக்கிறான். பஸ் அங்கே போகாது. பஸ்ஸை விட்டு இறங்கி மூன்று கிலோமீட்டர் நடக்க வேண்டும். என் முழங்கால் மூன்று கிலோமீட்டருக்கு ஒப்புக்கொள்ளாது. வியாழக்கிழமை தோறும் நாலு மணிக்குக் காரில் போவேன். ஒரு மணி நேரம் உட்கார்ந்திருப்பேன். பெரிதாக எதுவும் பேச மாட்டோம். முப்பத்தாறு வருஷமும் பேசியதில்லை. ஒருவன் உட்கார்ந்தால் மற்றவன் எழுந்து போய்விடுவான்.

சாவி போனால் வியாழக்கிழமையும் போய்விடும். இது எனக்குத் தெரியும். அவளுக்கும் தெரியும். இரண்டு பேருமே சொல்லவில்லை.

அன்று சாயங்காலம் பெரிய சண்டை. அதாவது நான் கத்தினேன். அவள் துணி மடித்தாள்.

"போன மாசம்தான கண்ணு டாக்டர்ட்ட போனேன்? கடைசி வரி வரைக்கும் படிச்சேன்! கீழ அச்சடிச்ச கம்பெனி பேரையும் சேத்துப் படிச்சேன்!"

"அது சுவத்துல நிக்கிற எழுத்து. ஓடிப் போகாது. பெரிய ஆஸ்பத்திரியில வயசானவங்களுக்குக் கவனம் எப்படி இருக்குன்னு ஒரு சோதனை பண்றாங்க. அதுக்குப் போலாம். தேறிட்டா சாவி உங்ககிட்டயே இருக்கட்டும். நான் வாயத் தெறக்க மாட்டேன்."

"தேறலைன்னா?"

"சாவி எங்கிட்ட."

எனக்குள் சிரித்துக்கொண்டேன். சாவியை வைத்துக்கொண்டு இவள் என்ன செய்வாள்? இவளுக்குக் கார் ஓட்டத் தெரியாது. மகனோ விமானம் ஏறிப் போகும் தூரத்தில் இருக்கிறான். கார் வாசலில் நின்று துருப்பிடிக்கும். பத்தாம் நாள் தன் தங்கச்சி வீட்டுக்குப் போக இவளே சாவியைத் தட்டில் வைத்துக் கொண்டுவந்து நீட்டுவாள். தோற்றாலும் எனக்குத்தான் ஜெயம்.

"எப்ப?" என்றேன், பெரிய மனசோடு.

"வியாழக்கிழமை காலைல பத்து மணிக்கு வரச் சொல்லியிருக்காங்க."

எப்போது கேட்டாள், யார் வரச் சொன்னார்கள் என்று நான் யோசித்திருக்க வேண்டும். யோசிக்கவில்லை. அந்த நேரத்தில் எனக்கு வேறொரு யோசனை ஓடிக்கொண்டிருந்தது.

எங்கள் மாடியில் ஒரு கடிகார ரிப்பேர்க்காரர் குடியிருக்கிறார். எழுபத்தொரு வயது. கடையை மூடி ஏழு வருஷமாகியும் கைக்கடிகாரம் கட்டியவனைப் பார்த்தால் முகத்தைப் பார்க்க மாட்டார். அவர் போன வாரம் அதே சோதனைக்குப் போய் வந்தது எனக்குத் தெரியும். புதன்கிழமை காலையிலேயே படியேறினேன். முழங்கால் நாலு முறை ஆட்சேபம் தெரிவித்தது.

"ஒண்ணும் இல்லண்ணே. சின்ன இருட்டு ரூம்பு. தலையில ஒரு தொப்பி மாட்டி விடுவாங்க. தொப்பி பூரா ஒயரு. மூளைக்குள்ள என்ன ஓடுதுன்னு அதுல தெரியுமாம்."

"உங்களுக்கு ஓடிச்சா?"

"ஓடிச்சு. நடுவுல ஒரு படம் மின்னும். காரா லாரியான்னு சொல்லணும். அதே நேரத்துல சுத்தி எங்கயாவது ஒரு புள்ளி மின்னும். அது எந்தப் பக்கம்னும் சொல்லணும். கண்ணத் தெறந்து மூடறதுக்குள்ள ரெண்டும் போயிரும். இப்படி நாப்பது தடவ."

"வரிசை ஞாபகம் இருக்கா?"

அவர் என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். இரண்டு கிழவர்களுக்கு நடுவில் ஒரு குற்றம் இவ்வளவு சுலபமாகப் பிறக்கும் என்று நான் நினைத்ததில்லை.

"வெளிய வந்த உடனே எழுதி வெச்சேண்ணே. பழக்கம். எனக்குப் பக்கம் எல்லாம் மணிக் கணக்குதான். மேல பன்னெண்டு. கீழ ஆறு. இந்த மூலைல ஒன்றரை, அந்த மூலைல ஏழரை."

மேஜை இழுப்பறையைத் திறந்தார். கடிகார பேட்டரி வந்த அட்டை. பின்பக்கம் நாற்பது மணிகள், எறும்பு வரிசை மாதிரி. முதல் மணியே ஏழரை.

"ஆரம்பமே ஏழரையாய்யா?"

"நான் என்னண்ணே பண்றது? மெஷின் அப்படிப் போடுது."

"நீங்க எத்தனை மார்க்கு?"

"அத மட்டும் சொல்ல மாட்டேன்னுட்டாங்க" என்று பார்வையைச் சுவர்க்கடிகாரத்துக்கு மாற்றிக்கொண்டார். அப்போதாவது நான் உஷாராகியிருக்கலாம்.

புதன்கிழமை முழுவதும் மனப்பாடம். குளிக்கும்போது. பல் தேய்க்கும்போது. பல் என்றால் டம்ளரில் இருக்கும் பல்.

"என்னங்க முணுமுணுக்கிறீங்க?" சமையலறையிலிருந்து குரல் வந்தது.

"ஒண்ணும் இல்ல."

"ஏழரை, மூணு, பன்னெண்டு, நாலரைன்னு கேட்டுச்சு."

"மருந்து நேரம்."

"ஏழரைக்கும் நாலரைக்கும் என்ன மருந்து?"

"புதுசு."

"ஒரு நாளைக்கு நாப்பது வேளையா?"

எண்ணியிருக்கிறாள். காய் நறுக்கிக்கொண்டே எண்ணியிருக்கிறாள். நான் வாயை மூடிக்கொண்டு மனசுக்குள் ஓட்டினேன். மத்தியானத்துக்குள் நாற்பதும் தண்ணி பட்ட பாடு. எழுபத்து மூன்று வயதில் நாற்பது எண் வரிசையாக! யார் சொன்னது மூளை தேய்கிறது என்று?

வியாழக்கிழமை காலை நானே ஓட்டினேன். இருபது கிலோமீட்டர் வேகம். பின்னால் ஒரு ஊர்வலம். அவள் ரோட்டைப் பார்த்துக்கொண்டு வந்தாள். கை மட்டும் மடியிலிருந்து பிரேக் பக்கம் போவதும் வருவதுமாக இருந்தது.

ஆஸ்பத்திரியில் மூன்றாம் மாடி. சின்ன அறை, கறுப்புத் திரை, ஒரு நாற்காலி. டாக்டர் பெண். என் பேத்தியை விட நாலு வயது கூட இருக்கும்.

"வாங்க டீச்சர்! ஐயா, வாங்க வாங்க."

ஊரில் பாதிப் பேர் இவளிடம் படித்தவர்கள். அதில் இது ஒன்று என்று விட்டுவிட்டேன்.

தொப்பி மாட்டினார்கள். ஒவ்வொரு ஒயர் முனையிலும் ஜில்லென்று ஏதோ பசை. எனக்கு முடி இல்லாததால் பசை மிச்சம் என்றாள் டாக்டர். மரியாதையான பெண். மோவாயை ஒரு தாங்கியில் வைத்தேன். விளக்கை அணைத்தாள். எதிரே திரை, நடுவில் ஒரு சின்னக் கூட்டல் குறி. என் மனைவி பின்னால் ஸ்டூலில்.

"தயாரா ஐயா?"

"தயார்."

மூச்சை இழுத்துக்கொண்டேன். "ஏழரை" என்றேன்.

டாக்டர் ஒன்றும் சொல்லவில்லை. சரியாகத்தான் போகிறது.

"மூணு."



"பன்னெண்டு."

"இல்லீங்க ஐயா," என்றாள் டாக்டர் தயவாக, "மணி பத்தேகால்தான் ஆகுது."

"புள்ளி சொல்றேம்மா. நாலரை. ஒன்பது."

"ஐயா... நான் இன்னும் எதுவும் போடவே இல்லையே."

இருட்டில் என் மனைவி இருமினாள். அது இருமல் இல்லை. நாற்பத்து நாலு வருஷமாகக் கேட்கிறேன், எனக்குத் தெரியாதா?

பிறகு போட்டாள். படம் மின்னியது. கார். "கார்" என்றேன். புள்ளி எங்கே? நான் ஏழரையில் காவல் இருந்தேன். ஏழரைக்கு யாரும் வரவில்லை. அடுத்து லாரி. மூணில் போய் நின்றேன். அங்கேயும் இல்லை. ஒரு கட்டத்தில் பட்டியலும் மறந்தது, பார்ப்பதும் மறந்தது. பஸ் ஸ்டாப்பில் தப்பான பஸ்ஸுக்கு நிற்கிறவன் மாதிரி நாற்பதும் போய்விட்டது.

விளக்கு எரிந்தது. டாக்டர் தாளைப் பார்த்தாள். என் மனைவியைப் பார்த்தாள். "ஐயா, மனசுல எதையும் வெச்சுக்காம இன்னொரு தடவ பண்ணலாமா?"

இந்த முறை நேர்மையாக உட்கார்ந்தேன். சத்தியமாகச் சொல்கிறேன். ஸ்டூலில் உட்கார்ந்த மாதிரியே உட்கார்ந்தேன். சிமிட்டவில்லை. நடுவில் கார். நடுவில் லாரி. லாரி. கார். பளிச்சென்று தெரிந்தது. சுற்றி? சுற்றிலும் கறுப்பு. அவ்வளவுதான். அங்கே ஏதோ மின்னியதாக அவர்கள் சொன்னார்கள். நம்புவதைத் தவிர எனக்கு வழியில்லை. இல்லாததைப் பார்த்தால் பைத்தியம் என்கிறார்கள். இருப்பதைப் பார்க்காதவனுக்கு எதுவுமே தெரிவதில்லை. கறுப்பு, கறுப்பாகவே இருக்கிறது. அதில் ஓட்டை இருப்பதாக அது சொல்வதில்லை.

"நடுவுல நாப்பதுக்கு நாப்பது ஐயா! நூத்துக்கு நூறு!" என்றாள் டாக்டர்.

என் மனைவியைத் திரும்பிப் பார்த்தேன்.

"ஓரத்துல?" என்றாள் அவள்.

"பதினொண்ணு."

"நூத்துக்கா?" என்றேன், தெரிந்துகொண்டே.

"நாப்பதுக்குங்க ஐயா."

தொப்பியைக் கழற்றினாள். பசையைத் துடைத்துவிட்டாள். கம்ப்யூட்டரில் ஒரு மூளைப் படம் காட்டினாள். என்னுடையது. இரண்டு பக்கமும் சிவப்பும் மஞ்சளுமாகக் கொதித்துக்கொண்டிருந்தது.

"பாருங்க, ரெண்டு பக்கமும் வேலை செய்யுது."

"கேட்டுக்க!" என்றேன் என் மனைவியிடம்.

"சின்ன வயசுக்காரங்களுக்கு இந்த வேலைக்குப் பெரும்பாலும் ஒரு பக்கமே போதுமா இருக்கும் ஐயா. வயசாக ஆக மூளை இன்னொரு பக்கத்தையும் தொணைக்குக் கூப்பிட்டுக்குது. குறையறத ஈடு கட்டத்தான் அப்படின்னு எங்கள்ல பல பேரு நெனைக்கிறோம்."

"ஒரு ஆள் வேலைக்கு ரெண்டு ஆள்" என்றாள் என் மனைவி. "பாட்டில் கம்பெனி மாதிரி."

"கண்ணு நல்லா இருக்கு ஐயா. கண்ணு பாக்குது. கவனம்தான் அங்க போய்ச் சேர மாட்டேங்குது. நடுவுல ஒரு வேலை இருந்தா, மூளை அதுலயே தங்கிருது. வேண்டாதத ஒதுக்கறதுக்கும் முன்ன விட நேரம் ஆகுது. இது நோய் இல்ல. பயப்படாதீங்க. வயசுக்கு இயல்புதான்."

இயல்பு. நோய் என்றால் மருந்து கேட்கலாம். டாக்டர் சரியில்லை என்று வேறு டாக்டரிடம் போகலாம். இயல்பு என்று சொல்லிவிட்டால் எவனிடம் போய் முறையிடுவது?

"முப்பத்தாறு வருஷம் பாட்டில் பாத்தவம்மா நான்."

டாக்டர் பதில் தேடினாள். என் மனைவி தேடவில்லை.

"பாட்டில் ஒண்ணொண்ணா உங்க முன்னாடி வந்து நின்னுச்சு" என்றாள். "ரோட்டுல ஆளுங்க அப்படி வரிசையில வர மாட்டாங்க."

மெதுவாகத்தான் சொன்னாள். திட்டியிருந்தால் திருப்பித் திட்டியிருப்பேன். ரிப்போர்ட் தாளுக்குக் காத்திருந்து, மத்தியானம் மூன்று மணிக்கு லிஃப்டில் இறங்கும்போது எனக்கு ஒன்று தோன்றியது. அந்த வேலையின் கடைசி வருஷங்களில், என் கண்முன்னே போயும் நான் பார்க்காத பாட்டில்கள் எத்தனை? யார் குடித்தார்கள்? இதை நான் யாரிடமும் கேட்க முடியாது. இருபதிடம் கேட்கலாம். ஆனால் இனி இருபதை எங்கே பார்ப்பது?

கார் நிறுத்துமிடம். வெயில். சட்டைப் பையிலிருந்து சாவியை எடுத்தேன். தோற்றவன்தான். ஆனால் துருப்புச் சீட்டு இன்னும் என் கையில்.

"இந்தா. ஒப்புக்கிட்டபடி" என்று நீட்டினேன். "இப்ப வீட்டுக்கு எப்படிப் போறதாம்? தள்ளிட்டா?"

கெஞ்சுவாள் என்று காத்திருந்தேன். "இன்னைக்கு மட்டும் ஓட்டுங்க" என்பாள். "முடியாது, சொன்னா சொன்னதுதான்" என்பேன். ஒரு ஐந்து நிமிஷம் இழுத்தடிக்கத் திட்டம்.

அவள் சாவியை வாங்கினாள். ஓட்டுநர் கதவைத் திறந்தாள். உட்கார்ந்தாள். இருக்கையை முன்னால் இழுத்தாள். கண்ணாடியைச் சரி செய்தாள். பெல்ட் போட்டாள்.

"ஏறுங்க. வெயில்ல நிக்காதீங்க."

"ஏய்! எறங்கு! வெளையாட்டா இது?"

கைப்பையைத் திறந்து ஒரு அட்டையைக் காட்டினாள். ஓட்டுநர் உரிமம். அவள் போட்டோ. வகுப்பை முறைக்கிற அதே முகம்.

ஏறினேன். அந்தப் பக்கத்து இருக்கையில் நான் உட்கார்ந்ததே இல்லை. முழங்காலை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. கார் ஒரு குலுக்கலும் இல்லாமல் பின்னால் போய்த் திரும்பி வெளியே வந்தது.

"எப்ப கத்துக்கிட்ட?"

"ஆறு மாசமா."

"எனக்குத் தெரியாமயா?"

"நான் என்ன ஒளிஞ்சா போனேன்? தெனம் காலைல ஏழு மணிக்குக் கைப்பைய எடுத்துட்டு உங்க முன்னாடிதான் கெளம்பறேன். எட்டேகாலுக்கு வர்றேன். எங்க போறன்னு ஒரு நாள் கேட்டீங்களா?"

"நடக்கப் போறன்னு நெனச்சேன்."

"கைப்பையோடவா?"

நான் ரோட்டைப் பார்த்தேன். நடு ரோட்டை. அங்கேதான் எனக்குத் தெரிகிறது.

"நீங்களே எனக்கு ஒரு தடவ ஹாரன் அடிச்சிருக்கீங்க" என்றாள்.

"நானா?"

"பாலத்துக்குப் பக்கத்துல. பழகுற வண்டிய நான் மெதுவா ஓட்டிட்டுப் போறேன். பின்னாடியே வந்து பாம் பாம்னு அடிக்கிறீங்க. அப்புறம் பக்கத்துல வந்து கண்ணாடிய எறக்கி, 'வண்டிய வீட்ல நிறுத்திட்டு வேற வேலை இருந்தா பாரு'ன்னு கத்தினீங்க."

"யாரப் பாத்து?"

"என் மூஞ்சியப் பாத்துதான்."

"நீ என்ன பண்ண?"

"வழி விட்டேன். சொல்லிக் குடுக்கறவரு, இந்த மாதிரி கெழடுங்ககிட்ட ஜாக்கிரதையா இருங்கம்மான்னாரு. தெரிஞ்சவருதான்னு சொல்லிட்டேன்."

சிக்னலில் நின்றாள். சொல்லி வைத்தாற்போல் வெள்ளைக் கோட்டுக்கு ஒரு சாண் முன்னால். குறுக்கே ஒரு அம்மா, இரண்டு பிள்ளைகள், ஒரு நாய். எல்லாரையும் எண்ணிவிட்டுத்தான் கிளம்பினாள்.

"நானும் போன மாசம் அந்தத் தொப்பியப் போட்டுக்கிட்டேன்" என்றாள். "உரிமம் கையில வாங்கறதுக்கு முன்னாடி. எனக்கும் அறுபத்தெட்டு ஆகுதே. எனக்கு ஓரம் ஏதோ பரவால்ல. நடுவுலதான் நாலஞ்சு தப்பு. ரெண்டு கண்ணாலயும் நீங்க நேரா பாருங்க. சிவப்பு விழுந்தா சொல்லுங்க."

எனக்கு வேலை கொடுக்கிறாள். ஓய்வு பெற்றுப் பதிமூன்று வருஷம் கழித்து. பெருமைப்படுவதா, தூக்கு மாட்டிக்கொள்வதா? அடுத்த சிக்னல் வரை ரோட்டையே பார்த்துக்கொண்டு வந்தேன். பிறகு, "சிவப்பு" என்றேன். நின்றாள்.

வீட்டுக்குத் திரும்ப வேண்டிய முனையில் அவள் திரும்பவில்லை.

"வழி தப்பிட்ட" என்றேன். அதிலாவது ஒரு சின்ன சந்தோஷம்.

"இன்னைக்கு வியாழக்கிழமைங்க."

 ஊர் முடிந்தது. கிடங்குகள் முடிந்தன. வழியில் ஒரு கடையில் ரொட்டியும் காபியும் வாங்கிக் கொடுத்தாள். சாப்பிட்டேன்.  

முதியோர் இல்லத்தின் வாசல் குறுகல். போன வாரம் நான் உரசிய தூணில் என் காரின் பெயிண்ட் இருந்தது. அதற்கு முந்தைய வாரத்துப் பெயிண்டும் இருந்தது. அவள் உள்ளே நுழைந்து மரநிழலில் நிறுத்தினாள்.

எனக்கு ஆச்சரியம். முற்றம் நிறைய ஜனம். வரிசையாகச் சக்கர நாற்காலிகள். கம்பளி போர்த்திய கிழவிகள். தடியை ஊன்றிக்கொண்டு நடக்கப் பழகும் கிழவர்கள். இரண்டு பேர் நடுவில் மேஜை போட்டுச் சீட்டாடினார்கள். இரண்டு வருஷமாக வருகிறேன். இந்த முற்றத்தில் ஒரு ஆளைப் பார்த்ததில்லை. எல்லாரும் படுத்தே கிடப்பார்கள் போல, நாளைக்கு நமக்கும் இதுதான் கதி என்று நினைத்துக்கொண்டு போவேன்.

இருபதும் அங்கே இருந்தான். சக்கர நாற்காலியில், வெயிலில். இடது கையைத் தூக்கினான். பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். அவன் வாய் ஒரு பக்கம் கோணும். வார்த்தைகள் மெதுவாக வரும்.

"டீச்சர் ஓட்டிட்டு வந்தாங்களா?" என்றான்.

"உனக்கு எப்படித் தெரியும்?"

"திங்கக்கிழமை காலைல எல்லாம் வருவாங்களே. பழகுற வண்டியில. இந்த வழியிலதான் பழகினாங்க. உங்கிட்ட சொல்லக் கூடாதுன்னாங்க."

"நீயுமாடா?"

"டீச்சர் சொன்னா... கேக்கணும்ல."

பேச்சை மாற்றினேன். முற்றத்தைக் காட்டினேன். "என்னடா இன்னைக்கு இவ்வளவு கூட்டம்? ஏதாவது விசேஷமா?"

"விசேஷம் ஒண்ணும் இல்ல. தெனம் சாயங்காலம் இப்படித்தான்."

"நான் வர்றப்ப ஒருத்தரும் இருக்க மாட்டாங்களே?"

இருபது இடது கையால் சக்கரத்தைப் பாதி திருப்பி நிறுத்தினான். சொல்லலாமா வேண்டாமா என்று யோசிப்பது தெரிந்தது.

"வியாழக்கிழமை மூணே முக்காலுக்கு நர்ஸுங்க வந்து எல்லாரையும் உள்ள தள்ளிட்டுப் போயிருவாங்க. நீ வண்டிய எடுத்துட்டுத் திரும்பிப் போற வரைக்கும் யாரையும் வெளிய விட மாட்டாங்க."

சீட்டாடியவர்களில் ஒருவர் என்னைப் பார்த்து மரியாதையாகத் தலையசைத்தார். உயிர் பிழைத்தவர் அசைப்பது போல.

"அப்ப இன்னைக்கு ஏன் தள்ளல?" என்றேன். "நான்தான் தோத்துட்டேன்னு இவங்களுக்கு எப்படித் தெரியும்? காலைலதான சோதனையே நடந்துச்சு?"

"நாளைக்கு யாரையும் உள்ள தள்ள வேணாம், நான்தான் ஓட்டிட்டு வருவேன்னு, டீச்சர் நேத்தே போன் பண்ணிட்டாங்களே" என்றான் இருபது.